நோயாளிகளுக்கு வீடு வாடகைக்கு

திருப்பதியில் வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்க நினைப்பவர்கள், புரோக்கரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்ப்பது நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வந்து நகரி கன்னிகா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். காட்டிவிட்டு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவும் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்கிறவர்கள் யாரும் எனக்கு வீடு வாங்கித் தரவில்லை.

நகரியில் எங்கள் விசைத்தறிக் கூடத்தில் என் வீட்டுக்காரருக்கு இருந்த பங்கை அவருடைய அண்ணன் வாங்கிக்கொண்டார். பணம் கைக்கு வந்த மறுநாளே ஆளாளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ரேணிகுண்டா பக்கம் மனை வாங்கு என்றான் என் தம்பி. புத்தூரில் கடை கட்டு என்றாள் நாத்தனார். என் மகள் மஞ்சு, திருப்பதியில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டால் மாதம் பிறந்தால் வாடகை வந்துகொண்டே இருக்கும் என்று போனில் படம் படமாக அனுப்பினாள். அந்த வாடகையை யார் தருவார்கள் என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேக்கற? யாராவது வருவாங்க."

அந்த 'யாராவது' என்கிற ஆளைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்து, வாஸ்து பார்த்து வீடு வாங்குகிறார்கள். குடி வரப்போகிறவன் இருக்கிறானா என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. அப்புறம் இரண்டு வருஷம் டூ-லெட் போர்டைத் தொங்கவிட்டுக்கொண்டு தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

நானே குடி வருகிறவள் மாதிரி போய் வீடு வீடாகக் கேட்டேன். சிரஞ்சீவி என்று ஒருவன், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், ஓட்டுகிற நேரம் போக வீட்டு புரோக்கர். தெலுங்கன்தான், ஆனால் நம் பேச்சை நன்றாகவே பேசுவான். அவன் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டு கொர்லகுண்டா, பவானி நகர் என்று ஒரு தெரு விடாமல் சுற்றினேன். மகள் வீட்டார் குடி வருகிறார்கள் என்று ஒரு இடத்தில் சொல்வேன், மருமகனுக்கு மாற்றல் என்று இன்னொரு இடத்தில். வாய்க்கு வந்த பொய். ஆனால் காது மட்டும் பொய் சொல்லவில்லை. எந்த வீடு எத்தனை மாதமாகக் காலி, ஓனர் எந்த வார்த்தைக்கு இறங்கி வருகிறான், எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏறியதும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பாதி வீடுகளில் "எப்போ வர்றீங்க, இன்னிக்கே வர்றீங்களா" என்று கையைப் பிடிக்காத குறை. அப்படிப்பட்ட தெருவில் வீடு வாங்குவதும் பணத்தை ஏரியில் கொட்டுவதும் ஒன்றுதான்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்து, யார் யார் குடி வருகிறீர்கள் என்று நாலு தரம் கேட்டான். வெயில் வேறு. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறி, "என் வூட்டுக்காரருக்குக் கிட்னி போச்சு, ஆஸ்பத்திரி பக்கத்துல வேணும்" என்று ஒரு புதுப் பொய்யைப் போட்டேன். அவ்வளவுதான். "வத்தம்மா, வத்து" என்று கதவைச் சாத்திக்கொண்டான். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாடா இது?" என்று சிரஞ்சீவியைக் கேட்டேன்.

"பேஷண்ட்டுக்கு யாரும் குடுக்க மாட்டாங்கம்மா" என்றான் அவன். "உள்ள செத்துட்டா? நட்சத்திரம் சரியில்லேன்னா இல்லு பாடு பெட்டாலி, வூட்டப் பாழா போட்டு வெக்கணும். ஆறு மாசம் பூட்டு. ஓனரே உள்ள படுக்கக் கூடாது."

எங்கள் பக்கமும் அது உண்டு. அடைப்பு என்போம். அவிட்டத்தில் ஆரம்பித்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரம். அதில் உயிர் போனால், போனவர் தனியாகப் போக மாட்டார், அந்தக் கூரையின் கீழ் இருக்கிற இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொள்வார் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சாயந்திரம் நகரி பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தேழு நாள் சுற்றில் ஐந்து நாள்தானே அந்த நட்சத்திரம்? மீதி இருபத்திரண்டு நாள் சும்மாதானே கிடக்கிறது? ஐந்து நாளுக்குப் பயந்துகொண்டு ஒரு ஊரே வருகிற வாடகையைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்புகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் சுரேஷ்பாபுவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலு நாள் ஷேவ் பண்ண விடவில்லை. ஒரு போர்வையைப் போர்த்தி ஆட்டோவில் உட்கார வைத்தேன்.

"நல்லா கீற மனுசனப் போயி இப்டி உக்கார வெக்கிறியே, உனுக்கே நல்லா கீதா?" என்றார்.

"வாய மூடிக்கினு இருமுங்க. இருமறதுக்கு இன்னா துட்டா கேக்கறாங்க?"

முப்பத்தொரு வீட்டில் கேட்டோம். முப்பத்தொன்றிலும் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மாள் மோர் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி, பிறகு இல்லை என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன்.

கொடுக்கிறவன் இல்லை என்று தெரிந்தது. கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஆஸ்பத்திரி மதில் ஓரம் போனேன். அங்கேதான் செங்கம்மாவைப் பார்த்தேன்.

பிளாட்பாரத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். உள்ளே வைத்தியம் இலவசம், வெளியே படுக்க இடம் கிடையாது. செங்கம்மா கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். மூன்று கல் கூட்டி சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ரங்கையா, மூஞ்சியெல்லாம் வீங்கி, காலை மதிலில் தூக்கிச் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊருக்குப் போய்ப் போய் வர உடம்பு தாங்கவில்லை என்று மூன்று மாதமாக அங்கேயே. சுற்றிலும் தெலுங்காகவே கேட்டுக் கேட்டு அலுத்தவளுக்கு என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எந்த ஊருக்கா நீ? நகரியா? அடிப்பாவி, நம்ம ஆளு!" என்று எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். "துன்னுக்கா, வெக்கப்படாத."

தின்றேன். தின்றுகொண்டே கேட்டேன், வீடு தேடவில்லையா என்று.

"தேடாத வூடு இல்லக்கா. கட்டட வேல செஞ்சாவது வாடக குடுப்பேன். எவன் தர்றான்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவுரு பொழைக்க மாட்டாருன்னு எனுக்கும் தெரியும். எல்லாரையும் போல ஒரு நாலு செவுத்துக்குள்ள போவணும், அவ்ளோதான். எதுத்தாப்புல படுத்துனிருந்த கெழவரு போன மாசம் இங்கியே போனாரு. அவுரு மேல காலு வெச்சித் தாண்டிக்கினு போறாங்கக்கா. அந்த மாதிரி வோணாம்" என்றாள்.

தட்டைக் கீழே வைத்தேன். அந்த வார்த்தையைத்தான் நான் நோட்டில் எழுதவில்லை.

நான் ஒரு வீடு வாங்கப் போகிறேன், வாங்கினால் முதல் போர்ஷன் உனக்கு என்று அவளிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய் என்றேன். இந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறவர்களில் எத்தனை குடும்பம் வீடு கேட்டு அலைகிறது, கணக்கு வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் கவரில் குடும்பத்துக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கேட்ட வாடகை தருகிறோம் என்கிறவர்களுக்கு முழுக்கொட்டை, இழுத்துப் பேசுகிறவர்களுக்கு உடைத்த கொட்டை. மூன்று வாரம் கழித்துப் போனபோது கவரை என் மடியில் கொட்டினாள். அறுபத்து மூன்று. அதில் நாற்பதுக்கு மேல் முழுசு. எந்த பேங்க்காரனும் எனக்கு இப்படி ஒரு கணக்குக் கொடுத்திருக்க மாட்டான்.

அந்த மாதமே பின்தெருவில் வீட்டை முடித்தேன். முன்பக்கம் நாங்கள் இருக்க ஒரு போர்ஷன், பின்பக்கம் நாலு சின்ன போர்ஷன். வாசலில் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று போர்டு எழுதி மாட்டினேன்: நோயாளிகளுக்கு வீடு வாடகைக்கு. தெருவில் இருந்த ஓனர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்துவிட்டு என்னைச் சபித்துவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் நாலு போர்ஷனும் நிறைந்தது. அக்கம்பக்கத்து வாடகையைப்போல ஒன்றரை மடங்கு வாங்கினேன். ஒருத்தரும் பேரம் பேசவில்லை.

சும்மா விட நான் என்ன ஏமாளியா? பத்திரத்தாளில் இரண்டு நிபந்தனை எழுதினேன். ஒன்று, ஓனர் போ என்கிற ஐந்து நாள், நடமாட முடியாத நோயாளி வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும். இரண்டு, வீட்டுக்குள் இறப்பு நேர்ந்தால் ஆறு மாத வாடகையைக் குடித்தனக்காரர் கட்ட வேண்டும். அவிட்டம், சதயம் என்று பிரித்து எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பிரித்து எழுதினால் இன்றைக்கு அது, நேற்று இது என்று வாதாட வருவார்கள். மொத்தமாக இறப்பு என்றே எழுதுங்கள் என்றேன். செங்கம்மா கைநாட்டு வைத்தாள். அன்றைக்கு உள்ளே போகும்போதுதான் கடைசியாக அக்கா என்றாள். அதற்குப் பிறகு ஓனரம்மாதான்.

ரங்கையா முதல் நாள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாராம். செங்கம்மா வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதல் மாதம் அந்த ஐந்து நாள் வந்தபோது அவர் எழுந்து நடந்துகொண்டிருந்தார், இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் மாதம் படுத்த படுக்கை. காலண்டரைப் பார்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். பழைய பிளாட்பாரத்துக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஐந்து நாளில் மூன்று நாள் மழை. நான் ஒரு தார்ப்பாய் கொடுத்தனுப்பினேன். சும்மாதான் கொடுத்தேன், வாடகை கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்ய வைத்தது நானா?

மூன்றாம் மாதம் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இனி ஊசி குத்தி உடம்பைப் புண்ணாக்க வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் நான் காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் விடிகாலை ஐந்து ஐம்பத்திரண்டு வரைக்கும் திருவோணம். அதற்குப் பிறகு அவிட்டம். நேரே அவள் போர்ஷனுக்குப் போனேன்.

"செங்கம்மா, நாளைக்கு வெடிகாலைல காலி பண்ணிடு. ஊருக்கே இட்டுக்கினு போயிடு. இனிமே இங்க இன்னா இருக்குது?"

"ஓனரம்மா, ரெண்டு நாளு தாங்க மாட்டாருன்னு சொல்லிக்கீறாங்க. இங்கியே இருந்துட்டுப் போறோமே." என் காலைப் பிடித்தாள். "ஆட்டோவுல குலுக்கிக்கினு போனா வழியிலியே போயிடுவாரு. ரோட்டுல வோணாம்னுதானே இங்க வந்தேன்?"

"பத்திரத்துல இன்னா எழுதிக்கீது? உள்ள ஒண்ணு ஆச்சுன்னா ஆறு மாச வாடக. குடுப்பியா நீ? காலைல போனா அட்வான்ஸ ஒரு பைசா புடிக்காம கையில தர்றேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகிற ஆட்களைப் பார்த்தால் கோபம்தான் வரும். ஏன் என்று தெரியவில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படி. சிரஞ்சீவிக்குப் போன் போட்டு விடிகாலை ஐந்தரைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயந்திரம் ஆறு மணி இருக்கும், செங்கம்மா வந்து நின்றாள். முகம் துடைத்து, தலை வாரியிருந்தாள்.

"கொழாயில தண்ணி சரியா வர்ல ஓனரம்மா" என்றாள். அப்புறம், "அந்த பிளாஸ்டிக் சேரக் குடுக்கிறியா? அவுருக்குப் படுத்தா மூச்சு முட்டுது. உக்கார வெக்கிறேன்."

எடுத்துக்கொள் என்றேன். பரவாயில்லை, நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

விடிகாலை சிரஞ்சீவி ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நானும் என் வீட்டுக்காரரும் உதவிக்குப் போனோம். ரங்கையா சேரில் உட்கார்ந்தபடி இருந்தார். தலைக்குத் துண்டு, அதே துண்டு தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தது. கழுத்துவரை போர்வை.

"தூங்கறாரு" என்றாள் செங்கம்மா. "எழுப்ப வோணாம். சேரோட தூக்கிக்கலாம்."

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், செங்கம்மா ஒரு பக்கம், முன்னால் நான் இரண்டு காலையும் பிடித்தேன். கால் சில்லென்று இருந்தது. ரத்தம் கெட்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் முழங்கால் மடங்கினது மடங்கினபடியே இருந்தது. என் வீட்டுக்காரர் அவர் கையைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கன்னிகா, இவுரு..."

"பேசாம தூக்குங்க!"

தூக்கினார். சேரை வெளியே உருவினோம். செங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் அட்வான்ஸ் பணத்தை அவள் கையில் வைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புருஷன் போகப்போகிறான், இவள் பார் எப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆட்டோ போனதும் போனில் மணி பார்த்தேன். ஐந்து நாற்பத்தைந்து. ஏழு நிமிஷம் மிச்சம்.

மத்தியானம் சிரஞ்சீவி வந்து குதிகுதி என்று குதித்தான். வடமாலபேட்டையைத் தாண்டியதும் அந்தப் பொம்பளை ஓவென்று கத்த ஆரம்பித்தாளாம். பார்த்தால் ஆள் போய்விட்டாராம். பாதி வழியில் இறக்கிவிட மனசு வராமல் கார்வேட்டிநகரம்வரை கொண்டுபோய் விட்டானாம். வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பூசை போட வேண்டும் என்று என்னிடம் தனியாக வாங்கிக்கொண்டான். கொடுத்தேன். வழியில்தான் போனார் என்று தெருவில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அவனைச் சொல்லச் சொன்னேன். போர்ஷனைக் கழுவி, பத்து நாளில் அகிலா என்கிற பெண்ணுக்கு விட்டேன். சத்தியவேடு பக்கம், நம் பேச்சுப் பேசுகிற பெண். அவள் அம்மாவுக்குப் புற்று. சேரையும் அவர்களுக்கே கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்த வாரமே, அண்ணன் கூப்பிடுகிறார் என்று நகரிக்குப் போனார். போனவர் இன்னும் வரவில்லை. போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் செங்கம்மா வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. கேட்டிலேயே நின்றாள். அகிலா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா செங்கம்மா?"

"நாளைக்குக் கருமாதி ஓனரம்மா." பையிலிருந்து ஒரு அகலும் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயும் எடுத்துக் காட்டினாள். "உசுரு போன எடத்துல வெளக்கு வெக்கணும். ஒருநாளு கூட வெக்கல. ஒரே ஒரு தபா வெச்சிட்டுப் போயிடறேன்."

"அதுக்கு இங்க எதுக்கு வந்தே? வடமாலபேட்டைலதானே போனாரு. அங்க ரோட்டாண்ட வை."

"அங்க போவல ஓனரம்மா." பின்பக்கம் தான் இருந்த போர்ஷனைப் பார்த்தாள். "மொத நாளு சாயந்திரமே போயிட்டாரு. கொழாயில தண்ணி வர்ற நேரம், நாலு மணி. நான் புடிக்கப் போனேன். வந்து பாத்தா இல்ல."

என் கை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு என் முன்னால் வந்து நின்று, தண்ணீர் சரியாக வரவில்லை என்று சொன்னவள்.

"அப்போ சேரு?"

"படுக்க வெச்சா வெறச்சிடுமே. நீட்டுவாக்குல வெறச்சிட்டா ஆட்டோவுல ஏத்த முடியாது. பிளாட்பாரத்துல பாத்துக்கீறேன் நானு. அதான் உக்கார வெச்சி, காலு மடக்கி, வாயக் கட்டி, ராவெல்லாம் புடிச்சிக்கினே இருந்தேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அழுதா நீ வந்துடுவேன்னு அழல. ஆறு மாச வாடகைக்கி நான் எங்க போவேன்?"

நான் உள்ளே போனேன். நேரே காலண்டரிடம் போனேன். விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். சாயந்திரம் நாலு மணி. திருவோணம். அவிட்டம் வருவதற்கு இன்னும் பதினாலு மணி நேரம் இருந்திருக்கிறது. அடைப்பு இல்லை. தோஷம் இல்லை. என் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பதினைந்து நாளாக அந்தச் சில்லென்ற கால் என் உள்ளங்கையிலேயே இருந்தது. அது அப்படியே கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட ஓடி வந்து அவளிடம் சொன்னேன்.

"செங்கம்மா, பயப்படாதே! நல்ல நட்சத்திரத்துலதான் போயிக்கீறாரு. ஒரு குத்தமும் இல்ல. வீட்டுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல."

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்றாள். "உள்ள வெச்சிருக்கலாமா? நான் அழுதிருக்கலாமா?"

பத்திரத்தில் மொத்தமாக எழுதச் சொன்னவள் நான். நட்சத்திரத்தைப் பிரித்து எழுதியிருந்தால், அன்று சாயந்திரமே அவள் வந்து சொல்லியிருப்பாள். தரையில் படுக்க வைத்து, தலைமாட்டில் விளக்கு ஏற்றி, மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அதற்கு எனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் வந்திருக்காது.

"சரி, போவட்டும்." அவளே மெதுவாகச் சொன்னாள். "தோசம் இல்லேன்ற. அப்போ இப்போ உள்ள வெச்சிட்டு வர்ட்டுமா? அந்த மூலைலதான். ஒரு நிமிசம்."

நான் திரும்பிப் பார்த்தேன், பின் போர்ஷன் கதவு திறந்திருந்தது. அந்த மூலையில்தான் அகிலாவின் அம்மா சேரில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் அகிலா ஏன் என்று கேட்பாள். செத்த வீடு என்று தெரிந்தால் இருப்பாளா? நட்சத்திரத்தை அவளுக்கு யார் விளக்குவது? அவள் போனால் மற்ற மூன்று போர்ஷனும் போகும். தெருவே என் வாசலில் வந்து நின்று சிரிக்கும்.

"வேணாம், செங்கம்மா" என்றேன். "உள்ள வேணாம். இங்கியே வெச்சிட்டுப் போ."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். சாபம் விடுவாள் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். அவளோ கேட்டுக்கு வெளியே, சாக்கடையை ஒட்டி, என் போர்டுக்குக் கீழே தெருவில் உட்கார்ந்தாள். அகலை வைத்து எண்ணெய் விட்டுத் திரியைப் போட்டு ஏற்றினாள். ஆட்டோ ஒன்று போனது, அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினாள். பைக் போனது. மறுபடி. அப்புறம் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தீருகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வருகிற ஜனம் அவளைச் சுற்றிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் போனது.

அகிலா ஈரத் துணியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருக்கா அது? இன்னா பண்றாங்க?"

"யாரோ" என்றேன். "வூடு கேட்டு வந்தா. இல்லேன்னு சொல்லிட்டேன்."